மடிநாய் வேட்டைக்கு உதவுமா?



தலைப்பைக் கண்டதும், 'தமிழாசிரியருக்கும் வேட்டைநாய்க்கும் என்ன தொடர்பு?' என்று தாங்கள் வினவக்கூடும். தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். செம்பனைக் கன்றுகளின் குருத்தைக் குடைந்து தின்னும் காட்டுப்பன்றிகளை விரட்டுவதற்கென்றே எங்கள் லயத்தில் வீட்டுக்கு ஒரு நாயேனும் இருந்தது. எந்த நாய் மோப்பத்தை விடாது தொடரும், எது பன்றியின் உறுமலைக் கேட்டதும் வாலைச் சுருட்டிக்கொண்டு திரும்பும் என்பதையெல்லாம் உயிரெழுத்துகளை எழுதிப் பழகுமுன்பே அறிந்துகொண்டேன். அந்த ஆர்வம் இன்றும் என்னை விட்டபாடில்லை. நாய்களைப் பற்றி எந்த நூல் கிடைத்தாலும் வாங்கிவிடுவேன். அதற்காக வீட்டில் வாங்கும் ஏச்சு தனிக்கதை.

என்னிடம் பயின்று, பின்னர் இங்கிலாந்தில் மேற்கல்வி முடித்து, ஷ்ராப்ஷயர் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் குடும்பத்தோடு குடியேறிவிட்ட முன்னாள் மாணவர் ஒருவர் அண்மையில் எனக்கு எழுதியிருந்தார். அவர் வீட்டில் 'மணி' என்னும் கவாலியர் கிங் சார்ல்ஸ் ஸ்பேனியல் பெண்நாய் இருந்தது. பெயரைப் பிள்ளைகள் வைத்தார்களாம். தமிழர் வீட்டு நாய்க்கு வேறென்ன பெயர் அமையும்! அது 2024ஆம் ஆண்டில் இறந்துபோயிற்று. "ஐயா, இன்னொரு குட்டி வாங்க எண்ணியிருக்கிறோம். மணி என்னோடு வேட்டைக்கு வந்ததைத் தாங்களும் பார்த்திருக்கிறீர்கள். அது விதிவிலக்கா, அல்லது இந்த இனத்துக்கே அந்தத் திறன் உண்டா? இங்குள்ளவர்களில் பாதிப்பேர் மடிநாயைப் புதருக்குள் விடுவதா என்று சிரிக்கிறார்கள். மீதிப்பேர் ஸ்பேனியல் என்றால் எல்லாம் ஸ்பேனியல்தானே என்கிறார்கள். தாங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்பது அவருடைய வினா.

அவருக்கு நான் எழுதிய விடையைச் சற்று விரித்து இங்கே இடுகிறேன். காரணம், இதே இனக் குட்டிகளைப் பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு வாங்கித்தர விழையும் பெற்றோர்கள் நம் நாட்டிலும் இருக்கின்றனர். என் பள்ளியிலேயே இருவரை அறிவேன். அவர்களுள் எவரும் துப்பாக்கியைத் தொடப்போவதில்லை. ஆயினும், 'இந்த நாய் வேட்டைக்கு உதவுமா?' என்னும் வினாவை அவர்களும் கேட்டாகவேண்டும் என்பது என் கருத்து. ஏன் என்பதைப் போகப்போகச் சொல்கிறேன்.

முதலில், எந்த நாயைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். கிங் சார்ல்ஸ் ஸ்பேனியல் என்பது ஓர் இனம். கவாலியர் கிங் சார்ல்ஸ் ஸ்பேனியல் என்பது மற்றோர் இனம். முன்னது தட்டையான முகமும் உருண்ட மண்டையும் கொண்டது. பின்னது சற்று நீண்ட மூக்கும் தட்டையான உச்சியும் கொண்டது. ஏறத்தாழ 6 முதல் 8 கிலோ எடை, ஓரடிக்குச் சற்று மேற்பட்ட உயரம். இரண்டுமே நாய்க் கண்காட்சிகளில் 'பொம்மை நாய்' வரிசையில் நிறுத்தப்படுபவை. வேட்டைக்குரிய காக்கர், ஸ்பிரிங்கர் போன்ற ஸ்பேனியல்களுக்குத் தனி வரிசை உண்டு.

வேட்டை என்றதும் இரையைத் துரத்திப் பிடித்துக் கடித்துக் குதறும் நாயே நம் மனக்கண்ணில் தோன்றும். ஸ்பேனியலின் தொழில் அதுவன்று. துப்பாக்கி ஏந்தியவருக்கு முன்னால் இடமும் வலமுமாக வளைந்து வளைந்து ஓடி, புல்லிலும் முட்புதரிலும் பதுங்கியிருக்கும் பறவையை மோப்பத்தால் கண்டறிந்து அது எழுப்பிவிடவேண்டும். அதுவும் குண்டு எட்டும் தொலைவுக்குள், ஏறத்தாழ 30 கஜத்துக்குள் நடக்கவேண்டும். அதற்கப்பால் எழும் பறவையால் யாருக்கும் பயனில்லை. பறவை சிறகடித்து எழுந்த கணமே நாய் இருந்த இடத்தில் அமர்ந்துவிட வேண்டும். வெடியோசை கேட்டாலும் அசையலாகாது. பறவை விழுந்த இடத்தை நினைவில் வைத்துக்கொண்டு, ஏவிய பின்னரே சென்று, பல் அழுந்தாமல் கவ்விவந்து கையில் கொடுக்கவேண்டும். ஓடத் துடிக்கும் ஓர் உயிருக்கு ஓடாமல் இருக்கக் கற்பிப்பதுதான் இப்பயிற்சியின் பெரும்பகுதி. முதலாம் ஆண்டு வகுப்பை எடுத்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை!

ஆக, இத்தொழிலுக்கு வேண்டியவை மூக்கு, புதருக்குள் நுழையும் முனைப்பு, சொல் கேட்கும் குணம், நாள் முழுதும் ஓடத்தக்க உடல் ஆகியவை. இவற்றுள் முதல் மூன்றுக்கும் உருவம் பெரிதாக இருக்கவேண்டிய தேவையே இல்லை. நான்காவதில்தான் சிக்கல்.

'அது என்றுமே மடிநாய்தான்' என்போர் வரலாற்றைத் துணைக்கு அழைப்பார்கள். அவர்களிடம் ஓரளவு சான்றும் உண்டு. ஜான் கேயஸ் என்னும் ஆங்கில மருத்துவர் 1570ஆம் ஆண்டில் தம் நாட்டு நாய்களைப் பற்றி இலத்தீன் மொழியில் ஒரு நூல் வெளியிட்டார். அதில், பறவை வேட்டைக்குரிய ஸ்பேனியல்களை ஒரு பக்கமும், சீமாட்டிகள் மடியில் வைத்துக் கொஞ்சிய சிறு ஸ்பேனியல்களை இன்னொரு பக்கமும் பிரித்தே வைத்தார். மடியில் அணைத்துக்கொண்டால் வயிற்று நோவு தணியும் என்ற நம்பிக்கையும் அக்காலத்தில் இருந்திருக்கிறது. வெந்நீர்ப் பைக்கு மாற்றாக நாய்! 1660 முதல் 1685 வரை ஆண்ட இரண்டாம் சார்ல்ஸ் மன்னர் இந்தச் சிறு நாய்கள் இல்லாமல் எங்கும் போகமாட்டார். அரசவை கூடியிருக்கும்போதும் அலுவலைக் கவனியாமல் நாயோடு விளையாடிக்கொண்டிருந்தார் என்று சாமுவேல் பீப்ஸ் தம் நாட்குறிப்பில் சலித்துக்கொள்கிறார். இனத்தின் பெயரே அம்மன்னரிடமிருந்து வந்ததுதான்.

ஆனால் மடிக்கும் புதருக்கும் இடையில் கட்டப்பட்ட அந்தச் சுவர் அத்துணை உறுதியானதன்று. 1704ஆம் ஆண்டில் பிளென்ஹைம் போரில் வென்ற முதலாம் மார்ல்பரோ கோமகன் ஜான் சர்ச்சில், செம்பழுப்பும் வெள்ளையும் கலந்த சிறு ஸ்பேனியல்களை வேட்டைக்காகவும் வளர்த்தார். ஓட்டநடையில் செல்லும் குதிரைக்கு அவை ஈடுகொடுத்தன என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. இன்றும் கவாலியரின் செம்பழுப்பு வெள்ளை நிறத்துக்கு 'பிளென்ஹைம்' என்றே பெயர்.

இன்னொன்றும் உண்டு; ஆசிரியர்கள் இதைக் கவனிக்கவேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் வேட்டை ஸ்பேனியல்களை எடைபோட்டே பிரித்தார்கள். 25 பவுண்டுக்குக் கீழிருந்தால் காக்கர், மேலிருந்தால் ஸ்பிரிங்கர். ஒரே தாய் ஒரே ஈற்றில் ஈன்ற குட்டிகளில் சில காக்கர் ஆகும், சில ஸ்பிரிங்கர் ஆகும். போதாக்குறைக்கு, இளமையில் காக்கராக இருந்த நாய் சற்றுக் கொழுத்ததும் ஸ்பிரிங்கர் ஆகிவிடும்! அளவுகோலைக் கையில் வைத்திருப்பவர் போட்ட கோடு அது. நாயின் இயல்பில் இருந்த கோடன்று. (ஆண்டுத் தொடக்கத்தில் பிள்ளைகளைத் தேர்வுப் புள்ளிகளால் வகுப்பு பிரிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த 25 பவுண்டு நினைவுக்கு வந்து தொலைக்கிறது.)

பின்னர் வந்தது மூக்கைச் சுருக்கும் மோகம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிறு ஸ்பேனியல்களைப் பக் போன்ற தட்டைமுக நாய்களோடு கலந்து, மூக்கைக் குறுக்கி, மண்டையை உருட்டி, கண்ணைப் பிதுக்கி எடுத்தார்கள். இப்படித்தான் இன்றைய கிங் சார்ல்ஸ் ஸ்பேனியல் உருவாயிற்று. 1920களில் ராஸ்வெல் எல்ட்ரிட்ஜ் என்ற அமெரிக்கர் பழைய ஓவியங்களில் கண்ட நீள்மூக்கு நாயைத் தேடி இங்கிலாந்துக்கு வந்தார். வாண்டைக் போன்றோர் வரைந்த அரச குடும்ப ஓவியங்களில் அந்த நாய் இருக்கிறது, ஊரில்தான் இல்லை. சளைக்காத அம்மனிதர் 1926ஆம் ஆண்டு கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், பழைய வடிவத்து ஆண்நாய்க்கும் பெண்நாய்க்கும் தலா 25 பவுன் பரிசு அறிவித்தார். அவர் 1928ஆம் ஆண்டில் காலமானார். அதே ஆண்டில் கவாலியர் இனத்துக்கான சங்கம் தோன்றியது. 1945ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கென்னல் கிளப் அதைத் தனி இனமாக ஏற்றுக்கொண்டது.

கதை நல்ல கதைதான். ஆனால் அதில் ஓர் ஓட்டை இருக்கிறது. எல்ட்ரிட்ஜ் கேட்டது பழைய முகத்தை. பழைய தொழிலை அவர் கேட்கவில்லை. பரிசு மூக்கின் நீளத்துக்கும் நெற்றிப்பொட்டுக்கும் கிடைத்தது. புதருக்குள் நுழைந்து ஒரு பறவையை எழுப்பியதற்குக் கிடைக்கவில்லை. கவாலியரின் இன்றைய நிறை குறைகள் அனைத்தும் இதிலிருந்து தொடங்குகின்றன என்பேன்.

வேட்டைக் குணம் அழிந்துவிட்டதா என்றால், இல்லை. கவாலியர் வளர்ப்போரிடம் கேட்டுப் பாருங்கள். பட்டாம்பூச்சி பறந்தால் பின்னால் ஓடும். குருவி எழுந்தால் சாலையென்றும் வாகனமென்றும் பாராமல் பாயும். அதனால்தான் வெளியில் கயிற்றை விட்டு அவிழ்க்காதீர்கள் என்று எல்லாரும் எச்சரிக்கிறார்கள். அது வேறொன்றுமில்லை, வேலை கிடைக்காத ஸ்பேனியல். ஆனால் பல தலைமுறைகளாக அக்குணத்தை யாரும் பார்த்துப் பொறுக்கி வளர்க்காததால் அது நாய்க்கு நாய் மாறுபடும். வேட்டைக்கென்றே பெருக்கப்படும் காக்கர் குட்டிகளில் ஏறக்குறைய எல்லாமே புதருக்குள் நுழையும். கவாலியர் குட்டிகளிலோ ஒன்று மூக்கைத் தரையில் வைத்துப் பாயும். மற்றொன்று ஈரப் புல்லை மிதிக்கவே முகம் சுளிக்கும்.

மணியை நான் பார்த்தது 2018ஆம் ஆண்டின் ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில். டிசம்பர் மாதக் குளிர். எனக்குக் காது மடல்கள் உணர்விழந்திருந்தன. அப்பொழுது அதற்கு மூன்று வயது, ஏழு கிலோ எடை. ஷ்ராப்ஷயரில் மாணவரின் அண்டை வீட்டுக்காரர், வயது முதிர்ந்த பண்ணையாளர், தம் ஸ்பிரிங்கர் நாயோடு வந்திருந்தார். வேலியோரம் அடர்ந்த முட்கொடிப் புதர். ஸ்பிரிங்கர் அதன் மேற்பகுதியை உடைத்துக்கொண்டு பாய்ந்து பாய்ந்து சென்றது. மணி அப்படிச் செய்யவில்லை. வேலியின் அடியில், முயல் நுழையும் அளவேயிருந்த சந்துக்குள் புகுந்தது. வெகுநேரம் வாலின் வெள்ளை நுனி மட்டும் தெரிந்துகொண்டிருந்தது. பெரிய நாய் கடந்துபோன இடத்திலிருந்தே ஒரு ஃபெசன்ட் பெட்டைக்கோழி படபடவென்று எழுந்தது. மாணவர் ஊதலை ஒருமுறை நீட்டி ஊதினார். மணி அமர்ந்தது; நடுங்கிக்கொண்டே அமர்ந்தது. சுட்டு விழுந்த பெட்டைக்கோழியை, ஒரு கிலோ இருக்கும், தலையை உயர்த்திக்கொண்டு தூக்கிவந்தது. முதியவர் ஒன்றும் சொல்லவில்லை. குழாயைப் பற்றவைத்துக்கொண்டு தம் நாயைத் திரும்ப அந்த வேலிக்கு அனுப்பினார்.

இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் பொய்யாகிவிடும். அடுத்து விழுந்தது ஒன்றரைக் கிலோவை நெருங்கும் சேவல். மணியால் அதைத் தூக்க முடியவில்லை. இறக்கையைப் பற்றிப் பின்னோக்கி இழுத்தது. வேலிக் கம்பியைத் தாண்டிக் கொண்டுவர வழியே இல்லை. ஸ்பிரிங்கர்தான் போய் எடுத்துவந்தது. மூன்றிலிருந்து நான்கு கிலோ வரும் காட்டுமுயலாக இருந்திருந்தால், நாயின் எடையில் பாதி. ஒன்றரை மணி நேரத்தில் மணி களைத்துவிட்டது. காதிலும் காலிலும் வயிற்று முடியிலும் ஒட்டியிருந்த முட்காய்களை எடுக்க மாணவரின் துணைவியாருக்கு அன்றிரவு ஒரு மணி நேரம் பிடித்தது. ஸ்பிரிங்கரோ மாலை வரை ஓடிவிட்டு இன்னும் உண்டா என்பதுபோல் பார்த்தது.

ஆகவே, உருவத்தைப் பொறுத்தவரை என் தீர்ப்பு இதுதான்: வேலியோரங்களிலும் சிறு காடுகளிலும் ஓரிரு மணி நேரம் பறவை எழுப்ப, நல்ல முனைப்புள்ள கவாலியர் தாராளமாக உதவும். உள்ளான் இனத்தைச் சேர்ந்த வுட்காக் போன்ற, 300 கிராம் அளவுள்ள பறவைகளைக் கவ்விவருவதில் அதற்குச் சிரமமே இல்லை. காக்கருக்கு அப்பெயர் அமைந்ததே அந்த வுட்காக்கினால்தான். நாள் முழுதும் நடக்கும் வேட்டை, பனிநீர் ஓடை, பெரிய பறவைகள், முயல்கள் ஆகியவற்றுக்கு அது ஏற்றதன்று. அங்கே அதை விடுவது வேட்டையன்று, வதை. பயிற்சியில் வேறுபாடு ஒன்றுமில்லை. அழைத்தால் வருதல், அமர்தல், ஊதலுக்கு அடங்குதல் ஆகிய மூன்றும் துப்பாக்கி ஓசையைக் கேட்பதற்கு வெகுநாள் முன்னரே உறுதிப்படவேண்டும். ஓசையையும் தொலைவிலிருந்து சிறிதுசிறிதாகவே பழக்கவேண்டும். அடித்தால் கவாலியர் கெட்டுப்போகும். அது எல்லா நாய்க்கும் பொருந்தும் என்றாலும் இதற்குச் சற்றுக் கூடுதலாகப் பொருந்தும்.

சிரிப்பவர்களுக்கும், 'எல்லாம் ஸ்பேனியல்தானே' என்பவர்களுக்கும் இதுவரை சொன்னதே போதுமான விடை. ஆனால் மணியின் கதை அந்த டிசம்பரோடு முடியவில்லை.

2021ஆம் ஆண்டில், ஆறு வயதில், வழக்கமான தடுப்பூசிக்காகக் கொண்டுசென்றபோது கால்நடை மருத்துவர் அதன் இதயத்தில் ஒரு முணுமுணுப்பைக் கேட்டார். இதயத்தின் இடப்புறத்தில், மேலறைக்கும் கீழறைக்கும் இடையில் ஈரிதழ் வால்வு ஒன்று உண்டு. அதன் இதழ்கள் தடித்துச் சுருங்கி, மூடவேண்டிய நேரத்தில் சரியாக மூடாமல் போவதால் குருதி பின்னோக்கிக் கசியும். அந்தக் கசிவின் ஓசைதான் முணுமுணுப்பு. முதுமையில் பல சிறு நாய்களுக்கு வரும் நோய்தான் இது. ஆனால் கவாலியருக்கு இளமையிலேயே வருகிறது. ஐந்து வயதுக்குள் ஏறத்தாழப் பாதி நாய்களுக்கும், பத்து வயதுக்குள் அநேகமாக எல்லாவற்றுக்கும் இந்த ஓசை கேட்கும் என்பது கால்நடை மருத்துவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் கணக்கு. கவாலியர்கள் இறப்பதற்கு முதன்மைக் காரணமும் இதுவே. இதயம் வீங்கத் தொடங்கிய பிறகு பிமோபெண்டன் என்ற மருந்து கொடுத்தால், இதயச் செயலிழப்பைச் சராசரியாக 15 மாதங்கள் தள்ளிப்போடலாம் என்று 2016ஆம் ஆண்டில் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்று காட்டியது. மணிக்கும் அம்மருந்து கொடுத்தார்கள். வேட்டைக்குப் போவது நின்றது. ஊதலை எடுக்கும்போதெல்லாம் வாசலில் வந்து நின்றதாம். அதைத்தான் பார்க்க முடியவில்லை என்று மாணவர் எழுதியிருந்தார். ஒன்பது வயதில் இறந்தது.

இதயத்தோடு முடிந்தால் பரவாயில்லை. மண்டையோட்டின் பின்பகுதி மூளைக்குப் போதுமான இடமின்றிச் சிறுத்துப்போயிருப்பது இவ்வினத்தில் மிகப் பரவலாகக் காணப்படுகிறது. அதனால் முதுகுத்தண்டின் நரம்புவடத்துக்குள் நீர்க்குழிகள் தோன்றும். சிரிங்கோமையீலியா என்பது அந்நோயின் பெயர். நோய் முற்றிய நாய் கழுத்துப் பட்டையைத் தொட்டாலே அலறும். தோளருகே காற்றைச் சொறிந்துகொண்டே நடக்கும். இப்படிப்பட்ட கழுத்தை வைத்துக்கொண்டு அது எந்தப் பறவையைத் தூக்கும்? 2008ஆம் ஆண்டில் பி.பி.சி. ஒளிபரப்பிய ஆவணப்படம் ஒன்று இக்கொடுமையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. அதற்கு அடுத்த ஆண்டிலிருந்து கிரஃப்ட்ஸ் கண்காட்சியை ஒளிபரப்புவதையே அந்நிறுவனம் நிறுத்திக்கொண்டது. சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் 2021ஆம் ஆண்டில் வெளியிட்ட மரபணு ஆய்வில், ஒப்பிட்டுப் பார்த்த மற்ற ஏழு இனங்களைவிடக் கவாலியரிடம் தீங்கு தரும் மரபுக் குறைகள் மிகுதியாகக் குவிந்திருப்பதைக் கண்டார்கள். மிகச் சில நாய்களிலிருந்து ஓர் இனத்தைக் கட்டியெழுப்பினால் வேறென்ன நடக்கும்? இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் வேறு இருந்த சிலவும் குறைந்துபோயின.

நார்வே நாட்டில் இது நீதிமன்றம் வரை சென்றது. 2022ஆம் ஆண்டு சனவரியில் ஓஸ்லோ மாவட்ட நீதிமன்றம், கவாலியரையும் ஆங்கிலப் புல்டாக்கையும் இப்பொழுதுள்ள நிலையில் இனப்பெருக்கம் செய்வது விலங்குநலச் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. புல்டாக் மீதான தடை மேல்முறையீட்டில் நீங்கியது. கவாலியர் மீதானதோ 2023ஆம் ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றத்திலும் உறுதியாயிற்று. மூச்சுத் திணறும் புல்டாக்கைவிட, பார்க்கக் குறையொன்றுமில்லாத இந்த அழகுநாயின் நிலைமை சட்டத்தின் கண்ணுக்கு மோசமாகத் தெரிந்திருக்கிறது. நாய்ப்பிரியர்கள் பலர் அத்தீர்ப்பின் மீது சினங்கொண்டார்கள். எனக்கு அது முறையான தீர்ப்பாகவே படுகிறது. நாயை வெறுத்து எழுதப்பட்ட தீர்ப்பன்று அது.

இங்கேதான் என் கருத்தைச் சொல்ல வருகிறேன். கண்காட்சி மேடையில் ஒரு கவாலியர் சில நிமிடம் நடக்கிறது, நிற்கிறது, முகத்தையும் முடியையும் பார்க்கிறார்கள். அதன் ஈரிதழ் வால்வு கசிகிறதா என்பதை அந்த நடை காட்டிக்கொடுக்காது. ஒன்றரை மணி நேரம் ஈரப் புதருக்குள் ஓடவிட்டால் இதயம், மூச்சு, கழுத்து, முதுகு அனைத்தும் சேர்ந்து விடை சொல்லும். மூன்று வயதில் சொல்லாததை ஆறு வயதில் சொல்லும். வேட்டைக்கென்று வளர்க்கப்பட்ட நாய்களைத் தொழில் ஓரளவேனும் காப்பாற்றியது. ஆறு வயதில் களத்திலிருந்து விலகிவிடும் நாயிடமிருந்து குட்டி வாங்க வேட்டைக்காரர் எவரும் விரும்பமாட்டார். மடிநாய்க்கு அந்தக் காவல் இல்லை. மடியில் கிடப்பதற்கு நல்ல இதயம் தேவைப்படுவதில்லையே! எனவே, 'இது வேட்டைக்கு உதவுமா?' என்பது துப்பாக்கி வைத்திருப்பவரின் வினா மட்டுமன்று. அந்த நாய்க்காக யாரேனும் கேட்டிருக்க வேண்டிய வினா. 1926 முதல் யாரும் சரியாகக் கேட்கவில்லை.

வேட்டையை மட்டும் நம்பினால் போதும் என்று நான் சொல்லவரவில்லை. மணி நன்றாக வேட்டையாடியது. இருந்தும் அதன் இதயம் கெட்டது. ஓட்டமும் வேண்டும், மருத்துவரின் காதும் வேண்டும். டென்மார்க்கில் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். இதயச் சோதனையில் தேறிய நாய்களை மட்டுமே இனப்பெருக்கத்துக்கு விடுவதென்று அங்குள்ளோர் கட்டுப்பாடு வைத்தார்கள். எட்டிலிருந்து பத்து ஆண்டுகளுக்குள் அவ்வாறு பிறந்த நாய்களுக்கு வால்வு நோய் ஏற்படும் வாய்ப்பு 73 விழுக்காடு குறைந்ததாக 2017ஆம் ஆண்டில் ஆய்வு வெளிவந்தது. ஆக, இது தலையெழுத்தன்று. செய்யமுடிந்த ஒன்றைச் செய்யாமல் இருக்கிறார்கள், அவ்வளவுதான்.

நம் நாட்டுப் பெற்றோர்களுக்கும் ஒரு சொல். கடையில் கூண்டுக்குள் இருக்கும் குட்டியின் கண்ணைப் பார்த்து மயங்கிப் பல ஆயிரம் வெள்ளியை எண்ணி வைக்காதீர்கள். நான் ஒருமுறை ஒரு கடையில், "இதன் தாய்க்கு என்ன வயது? இதயச் சோதனை செய்திருக்கிறதா?" என்று கேட்டேன். விற்பனையாளர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, குட்டியின் நிறம் எவ்வளவு அரிது என்று விளக்கத் தொடங்கினார். தாய் தந்தையைக் காட்டமுடியாதவரிடம் இந்த இனத்தை வாங்கவே கூடாது. இங்கே வனவிலங்குகளை வேட்டையாட 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி உரிமம் வேண்டும். அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். ஆனால் அதன் மூக்கைச் சும்மா விட்டுவிடாதீர்கள். விடியற்காலையில், வெயில் ஏறுமுன், திடலின் நீண்ட புல்லுக்குள் ஒரு துணிப்பந்தை ஒளித்துவைத்துத் தேடச்சொல்லுங்கள். நீண்ட கயிறு கழுத்தில் வேண்டா, மார்புப் பட்டையில் இருக்கட்டும். நண்பகலில் வெளியே இழுத்துக்கொண்டு போகாதீர்கள். நம் வெப்பம் அந்த இதயத்துக்கு ஆகாது. உங்கள் பிள்ளை ஆண்டுக்கொருமுறை நாயின் இதய ஒலியை மருத்துவர் கேட்கும்போது உடனிருக்கட்டும். பிறந்தநாள் பரிசாக வந்தது ஓர் உயிர் என்பதை அது நம் அறிவுரையைவிட நன்றாகக் கற்பிக்கும்.

மாணவருக்கு நான் எழுதியது இதுதான்: "தம்பி, பருவம் முழுதும் துப்பாக்கியோடு அலையப்போவதாக இருந்தால் வேட்டைக் காக்கரை வாங்குங்கள், கவாலியரை வருத்தாதீர்கள். வீட்டில் பிள்ளைகளோடு கிடந்து, விடுமுறை நாளில் வேலியோரம் ஒரு மணி நேரம் உங்களோடு வரும் துணைதான் வேண்டுமென்றால், கவாலியரே வாங்கலாம். ஆனால் குட்டியைப் பார்ப்பதற்குமுன் பெற்றோர் இரண்டுக்கும் இதய வல்லுநர் தந்த அறிக்கையையும், எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அறிக்கையையும் கேளுங்கள். இரண்டும் ஐந்து வயதைத் தாண்டியும் முணுமுணுப்பில்லாமல் இருக்கவேண்டும். பிறகு தாயை ஒரு மணி நேரம் உங்களோடு நடக்கவிடச் சொல்லுங்கள்; மறுப்பவரிடம் வாங்காதீர்கள். கடைசியாக, புல்லுக்குள் ஒரு ஃபெசன்ட் இறகை ஒளித்துவைத்து, எந்தக் குட்டி மூக்கை இறக்குகிறது என்று பாருங்கள்."

மூன்று வளர்ப்போரிடம் கேட்டாராம். இருவர் அதன்பின் மடலுக்கு விடை தரவில்லை. மூன்றாமவர் அறிக்கைகளை அனுப்பி, ஏழு வயதான தாயோடு தம் வயல்வெளியில் நடக்க வருமாறு அழைத்திருக்கிறார். தாயைப் பெற்ற பாட்டியும் அங்கேதான் இருக்கிறதாம், பதினொரு வயது. அதன் இதய அறிக்கையையும் கேட்டு வாங்குமாறு நேற்றுத்தான் எழுதினேன்.